உமரி, உப்பருகு, சால்ட்புஷ்: ஆடு மாட்டுக்கு இதில் உண்மையில் எவ்வளவு சத்து?

கடலோரக்காணி | பிப்ரவரி 4, காலை 7:10

வேதாரண்யம் பக்கம் எங்கள் நிலம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கடல் தண்ணீரும் சேறும் ஏறி நின்ற இரண்டு ஏக்கர் இன்னும் தேறவில்லை. நெல் போட்டால் நுனி கருகுகிறது. கோடையில் தரை வெள்ளை பூத்துவிடும், நடந்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். அங்கே தானாக வருவது உமரி என்ற சதைப்பற்றுள்ள செடி. கொஞ்சம் மேடான இடத்தில் உப்பருகுப் புல். வரப்பெல்லாம் சீமைக்கருவேல். என்னிடம் 18 வெள்ளாடு, 11 செம்மறி, இரண்டு மாடு.

போன வாரம் ஒரு நாற்று வியாபாரி வீடு தேடி வந்தார். ஆஸ்திரேலியாவின் சால்ட்புஷ் செடி, உப்பு மண்ணில் நன்றாக வரும், இலையில் 20 சதவீதம் புரதம், இதை வைத்துவிட்டால் பிண்ணாக்கே வாங்க வேண்டாம் என்றார். நாற்று ஒன்று 25 ரூபாய், ஏக்கருக்கு ஆயிரம் நாற்று. முன்பணம் கேட்டார், நான் கொடுக்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். அந்த 20 சதவீதம் உண்மையா? உண்மையென்றால் என் நிலத்தில் சும்மா கிடக்கிற உமரியிலும் அந்தச் சத்து இருக்குமா?

கீதாரிமகன் | பிப்ரவரி 4, காலை 9:32

அக்கா, நாற்றைப் பற்றி எனக்குத் தெரியாது. உமரியைப் பற்றித் தெரியும். நாங்கள் ராமநாதபுரம். அப்பா கிடை போட்டுப் பிழைத்தவர். அறுவடை முடிந்ததும் செம்மறியை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர் பக்கம் வருவோம், வழியில் கடலோரத் தரிசு நிறைய வரும்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது நடந்தது. இரண்டு நாள் ஆட்டுக்குச் சரியான மேய்ச்சல் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் விடியும்போது ஒரு உமரித் திட்டு, பச்சையும் சிவப்புமாகத் தளதளவென்று இருந்தது. ஆடுகள் விழுந்தடித்துத் தின்றன. அப்பா முன்னால் ஊருக்குள் தண்ணீர் கேட்கப் போயிருந்தார், தடுக்க ஆள் இல்லை. மத்தியானத்துக்குள் ஏழெட்டு ஆடு தள்ளாட ஆரம்பித்தது. கால் நடுங்கும், படுத்துவிடும், தலையை வயிற்றுப் பக்கம் மடக்கிக்கொள்ளும். பக்கத்து ஊரிலிருந்து வைத்தியர் வந்து ஊசி போட்டதில் நாலு எழுந்தது. மூன்று எழவில்லை. அதில் ஒன்று நான் பால் புகட்டி வளர்த்தது.

அதற்குப் பிறகு அப்பா ஒரே விதிதான் வைத்திருந்தார். வயிறு காய்ந்த ஆட்டை உமரி பக்கம் விடாதே. முதலில் அருகு, காய்ந்த புல், தாள், ஏதாவது மேயட்டும். அப்புறம் உமரியை நுனி கடிக்க விட்டு ஓட்டிக்கொண்டு போ.

மாட்டுடாக்டர் | பிப்ரவரி 4, இரவு 8:47

அம்மா, வியாபாரி சொன்ன 20 சதவீதம் பொய் என்று சொல்ல மாட்டேன். நல்ல இலையில் 15 முதல் 20 வரை வரும். ஆனால் அந்த எண் எப்படி வருகிறது என்று பாருங்கள். ஆய்வகத்தில் புரதத்தை நேராக அளப்பதில்லை. இலையில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். அதற்குக் கச்சாப் புரதம் என்று பெயர். உப்பு மண்ணில் வளரும் செடி தன் செல்லுக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்க கிளைசின் பீட்டைன், புரோலின் போன்ற பொருள்களைச் சேர்த்துக்கொள்ளும். நைட்ரேட்டும் இருக்கும். இவை எல்லாவற்றிலும் நைட்ரஜன் உண்டு, அதனால் எல்லாமே புரதக் கணக்கில் விழுந்துவிடும்.

அசை போடும் பிராணிக்கு இது முழுக்க வீண் இல்லை. பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் யூரியாவைக்கூடப் புரதமாக்கிக் கொடுப்பவை. ஆனால் அவை வேலை செய்ய அதே நேரத்தில் மாவுச்சத்தோ சர்க்கரையோ கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அந்த நைட்ரஜன் அம்மோனியாவாகி, ஈரலில் யூரியாவாக மாறி, மூத்திரத்தில் போய்விடும். காசு கொடுத்து வாங்கிய புரதம் பட்டித் தரையில் கிடக்கும்.

அடுத்தது சாம்பல். சாதாரணப் புல்லைக் காயவைத்து எரித்தால் எடையில் பத்தில் ஒரு பங்கு போல சாம்பல் மிஞ்சும். சால்ட்புஷ் இலையில் 20 முதல் 30 சதவீதம் மிஞ்சும், உமரியில் அதற்கும் மேலே போகலாம். சாம்பலில் எரிசக்தி கிடையாது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ காய்ந்த இலையில் கால் கிலோ உப்பும் மற்ற தாதுக்களும். மிச்சம் முக்கால் கிலோவில் செரிப்பது ஏறக்குறைய பாதி. ஆக ஆட்டின் உடம்பில் சேர்வது 400 கிராமுக்குள்தான். அந்தக் கால் கிலோ உப்பை வெளியே தள்ளவும் உடம்பு சக்தி செலவழிக்க வேண்டும்.

இன்னொரு இடத்திலும் ஏமாறுவோம். சில அறிக்கைகளில் "செரிமானம் 70 சதவீதம்" என்று போட்டிருக்கும். உப்பு தண்ணீரில் கரைந்துவிடும் அல்லவா, அந்தக் கரைசலும் செரித்த கணக்கில் ஏறியிருக்கும். கேட்க வேண்டியது சாம்பலைக் கழித்துவிட்ட கரிமப் பொருளின் செரிமானம். அதைச் சொல்ல முடியாதவரிடம் நாற்று வாங்காதீர்கள்.

கீதாரிமகன் தம்பி சொன்னது பெரும்பாலும் ஆக்சலேட் நஞ்சுதான். உமரிக் குடும்பத்துச் செடிகளில் கரையும் ஆக்சலேட் உண்டு. அது ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். நடுக்கம், தள்ளாட்டம், படுக்கை எல்லாம் கால்சியம் இறங்கியதன் அடையாளம். அந்த வைத்தியர் போட்டது கால்சியம் ஊசியாக இருக்கும். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஹாலோஜிடன் என்ற இதே குடும்பத்துச் செடியைப் பசியோடு தின்று செம்மறிகள் மந்தை மந்தையாகச் செத்திருக்கின்றன. கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் ஆக்சலேட்டைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருவயிற்றில் பெருகிவிடும். தம்பி, உங்கள் அப்பா வைத்திருந்த விதியைத்தான் எங்களுக்கும் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள்.

பெர்த்_பண்ணையாள் | பிப்ரவரி 5, காலை 6:20

வணக்கம். நான் மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமையும் செம்மறியும் சேர்ந்த பண்ணையில் வேலை பார்க்கிறேன். ஊர் திருவாரூர். சால்ட்புஷ் இங்கே என் கண் முன்னால் இருக்கிறது.

இங்கே உப்பு கடலிலிருந்து ஏறி வந்ததில்லை. ஆழமாக வேர் விடும் காட்டை அழித்துவிட்டு ஆழமில்லாத வேருள்ள கோதுமையைப் போட்டார்கள். மழைத் தண்ணீரை உறிஞ்ச ஆள் இல்லாமல் நிலத்தடி நீர் மட்டம் மேலே வந்தது, காலங்காலமாக அடியில் கிடந்த உப்பையும் கூட்டிக்கொண்டு வந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் மட்டும் பத்து லட்சம் எக்டேருக்கு மேல் இப்படிக் கெட்டிருக்கிறது. அந்த நிலத்தில்தான் சால்ட்புஷ் வைக்கிறார்கள்.

ஆனால் பிண்ணாக்குக்குப் பதிலாக என்று இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். செடியை வரிசையாக நட்டு, வரிசைக்கு நடுவே நிறைய இடம் விட்டு, அந்த இடத்தில் புல்லும் பயறு வகையும் வளர்க்கிறார்கள். உப்பும் தண்ணீர் தேக்கமும் தாங்குகிற மெசினா என்ற பயறு வகைச் செடியை 2017-இல் வெளியிட்டார்கள், அதுவும் இதற்குத்தான். கோடை முடிந்து மழை வருவதற்கு முன், மார்ச் முதல் மே வரை, மேய எதுவும் இருக்காது. கோதுமைத் தாள் மட்டும் கிடக்கும். அந்த இடைவெளிக்குத்தான் சால்ட்புஷ். செம்மறி தின்பதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை அது, மிச்சம் தாளும் வைக்கோலும் கொஞ்சம் பார்லியும். தாளில் எரிசக்தி உண்டு, நைட்ரஜன் மிகக் குறைவு. சால்ட்புஷ் அதற்கு நேர் எதிர். இரண்டும் சேரும்போதுதான் ஆடு உடம்பு போடுகிறது. சால்ட்புஷ் மட்டும் உள்ள தடுப்பில் செம்மறியை விட்டால் எடை இறங்குவதை நானே தராசில் பார்த்திருக்கிறேன்.

சால்ட்புஷ் நமக்குக் கூட்டு மாதிரி. கூட்டை மட்டும் சாப்பிட்டு வயல் வேலைக்குப் போக முடியாது.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். காய்ந்த தாளையே மாதக்கணக்கில் தின்றால் ஆட்டுக்கு வைட்டமின் ஈ தீர்ந்து தசை பலவீனமாகும். சால்ட்புஷ் பச்சையாகவே இருப்பதால் வைட்டமின் ஈ நிறையக் கிடைக்கிறது. அந்த ஆட்டின் கறி கடையில் வைத்தாலும் சிவப்பு மாறாமல் கூடுதல் நேரம் இருக்கும். கந்தகமும் அதிகம், ரோமம் வளர அது வேண்டும்.

எல்லாச் செடியும் ஒன்று இல்லை. ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ விஞ்ஞானிகள் நாட்டின் பல பகுதிகளிலிருந்து விதை சேர்த்து நட்டு, செம்மறியை உள்ளே விட்டு எதை முதலில் தின்கிறது என்று பார்த்தார்கள். செம்மறி விரும்பித் தின்ற செடிகளின் செரிமானமும் கூடுதலாக இருந்தது. அதிலிருந்து வந்த ரகம்தான் அனமெக்கா. அதை விதையிலிருந்து வளர்த்தால் குணம் மாறிவிடும், தண்டை வெட்டித்தான் நாற்றாக்க வேண்டும். உங்கள் வியாபாரியிடம் ரகத்தின் பெயரையும், விதை நாற்றா தண்டு நாற்றா என்றும் கேளுங்கள்.

கடலோரக்காணி | பிப்ரவரி 5, மாலை 6:05

கேட்டேன். "ரகமெல்லாம் கிடையாதும்மா, செடி ஒன்றுதான்" என்றார்.

டாக்டர் ஐயா, தண்ணீர் விஷயத்தையும் சொல்லுங்கள். எங்கள் போர் தண்ணீர் டி.டி.எஸ் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) 4,600 காட்டியது. ஆடு குடிக்கிறது. குளத்தில் நல்ல தண்ணீர் பங்குனி வரை இருக்கும்.

மாட்டுடாக்டர் | பிப்ரவரி 5, இரவு 9:15

நல்ல புல்லும் வைக்கோலும் தின்கிற செம்மறிக்கு 5,000 வரை பிரச்சினை இல்லை. பழகிய வளர்ந்த செம்மறி கொஞ்ச காலம் 10,000 வரைகூடச் சமாளிக்கும். கறவை மாட்டுக்கு அவ்வளவு தாங்காது. ஆனால் இந்த அளவெல்லாம் உப்பு இல்லாத தீவனத்துக்குச் சொன்னது. தீவனத்திலேயே நாளைக்கு நூறு, நூற்றைம்பது கிராம் உப்பு உள்ளே போகும்போது, அதைக் கழுவி வெளியே தள்ளத்தான் ஆடு தண்ணீர் குடிக்கிறது. வழக்கமாக மூன்று நான்கு லிட்டர் குடிக்கிற ஆடு எட்டு, பத்து லிட்டர் கேட்கும். அந்தத் தண்ணீரும் உப்பு என்றால் எதைக் கொண்டு கழுவும்? தீனியைக் குறைத்துக்கொள்ளும், இளைக்கும்.

அதனால் உமரியோ சால்ட்புஷ்ஷோ கொடுப்பதைக் குளத்தில் நல்ல தண்ணீர் இருக்கிற காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சினை முற்றிய ஆடு, பால் கொடுக்கிற ஆடு, குட்டி, இவற்றுக்கு வேண்டாம். அவற்றுக்குத் தேவை எரிசக்தி, இதில் இல்லாததும் அதுதான்.

புஜ்ஜிலிருந்து | பிப்ரவரி 6, காலை 10:40

குஜராத்தின் கச்சில் பத்து வருடமாக இருக்கிறேன். இங்கே காராய் ஒட்டகம் என்று ஓர் இனம், கடலில் நீந்திப் போய்த் தீவுகளில் உள்ள அலையாத்திக் காட்டை மேயும். 2015-இல் தனி இனமாக அங்கீகரித்தார்கள். தின்பது பெரும்பாலும் வெண்கண்டல், உமரி, உகாய் இவைதான். அவையே சில நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் குடிக்கக் கரைக்குத் திரும்புகின்றன. மழைக்காலத்தில் தீவிலேயே தேங்கிய மழைநீர் இருப்பதால் அங்கேயே தங்கும். ஒட்டகத்துக்கே அப்படியென்றால், டாக்டர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

தலைஞாயிறு_தெற்கு | பிப்ரவரி 7, காலை 8:00

எல்லோரும் உமரியையே பேசுகிறீர்கள். உப்பருகை ஏன் விட்டுவிட்டீர்கள்? எங்கள் பக்கத்து உம்பளச்சேரி மாடு இந்த உப்புப் புல் மேய்ந்து வளர்ந்த இனம் என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். கன்று செவலையாகப் பிறந்து ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். கொம்பைத் தீய்த்துவிடுவதால் மொட்டை மாடு என்றும் பெயர். முழங்கால் சேற்றில் அந்த மாடு உழுகிற மாதிரி வேறு மாடு உழாது. அது சால்ட்புஷ் தின்று வளர்ந்ததில்லை.

மாட்டுடாக்டர் | பிப்ரவரி 7, இரவு 8:30

சரியான இடத்தைத் தொட்டீர்கள் ஐயா. நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

உப்பைத் தாங்கும் செடிகள் ஒரே வழியில் தாங்குவதில்லை. உமரி உப்பை இலைக்குள்ளேயே தேக்கி வைக்கும், அதனால்தான் இலை உருண்டு சதைப்பற்றாக இருக்கிறது. சால்ட்புஷ் இலையின் மேலே பொடி தூவிய மாதிரி இருக்குமே, அவை உப்புப் பைகள். புல் இனங்களில் பல, உப்பை வேரிலேயே பெருமளவு தடுத்துவிட்டு, மீறி ஏறியதை இலைச் சுரப்பி வழியாக வெளியே கசியவிடும். மழையோ பனியோ அதைக் கழுவிவிடும். ஆகவே ஒரே மண்ணில் பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும் புல்லில் சாம்பல் குறைவு, எரிசக்தி கூடுதல், ஆக்சலேட் பயமும் உமரி அளவுக்கு இல்லை. கச்சாப் புரதம் மட்டும் குறைவு. ஆய்வக அறிக்கையில் பார்த்தால் உமரி ஜெயிக்கும், ஆட்டின் முதுகைத் தடவிப் பார்த்தால் புல் ஜெயிக்கும்.

ஹரியானாவின் கர்னாலில் 1969-இல் தொடங்கிய மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனம் இந்த வகையில் நிறைய வேலை செய்திருக்கிறது. கர்னால் புல் என்று பெயரே வந்துவிட்டது, கல்லர் புல் என்பதும் அதுதான். களர் மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வளரும். ரோட்ஸ் புல்லும் உப்பைக் கசியவிடும் வகை. தண்ணீர் தேங்கும் இடத்துக்கு எருமைப்புல், ஆனால் அது ஓரளவு உப்பைத்தான் தாங்கும். அம்மா, உங்கள் இரண்டு ஏக்கரில் முதலில் பணம் போட வேண்டியது புல்லில்.

கடலோரக்காணி | பிப்ரவரி 9, காலை 6:50

இன்று விடியும் முன்பே நிலத்துக்குப் போய்ப் பார்த்தேன். உப்பருகு ஓலையில் பனித்துளி. டார்ச் அடித்தால் துளி இல்லாத இடத்தில் சன்னமாக வெள்ளைப் பொடி மின்னுகிறது. விரலால் வழித்து நாக்கில் வைத்தேன், சுள்ளென்று உப்பு. ஓலையைத் தண்ணீரில் அலசிவிட்டு மென்றால் வெறும் புல் ருசி. உமரியை எத்தனை தடவை அலசி மென்றாலும் உப்புதான். இருபது வருடமாக இந்த வரப்பில் நடக்கிறேன், இதை இன்றைக்குத்தான் கவனித்தேன்.

மழை விட்ட மறுநாள் ஆடுகள் உப்பருகு பக்கமே நிற்கும். ஏன் என்று இப்போது புரிகிறது.

கீதாரிமகன் | பிப்ரவரி 9, காலை 9:10

அக்கா, எரிசக்திக்குக் கம்பும் சோளமும் வாங்க வேண்டாம். உங்கள் வரப்பிலேயே இருக்கிறது. சீமைக்கருவேல் நெற்று. பழுத்து மஞ்சளாகி உதிர்ந்ததைக் கடித்துப் பாருங்கள், இனிக்கும். எங்கள் ஊரில் கோடை முழுக்க ஆடு அதில்தான் ஓடுகிறது. அந்த மரத்தை நான் ஆதரிக்கவில்லை, எங்கள் கண்மாயைத் தின்றுவிட்டது. ஆனால் நிற்கிறவரை நெற்றை வீணாக்க வேண்டாம்.

மாட்டுடாக்டர் | பிப்ரவரி 9, இரவு 9:00

நல்ல யோசனை. நெற்றின் சதையில் சர்க்கரை நிறைய. உமரியில் உள்ள நைட்ரஜனைப் புரதமாக மாற்ற நுண்ணுயிர்களுக்கு வேண்டியது அதுதான். ஆனால் முழு நெற்றாகப் போட்டால் விதை செரிக்காமல் புழுக்கையோடு வெளியே வரும். அதில் புரதம் வீண். உங்கள் வயல் முழுக்க முளைக்கவும் செய்யும். மொறுமொறுப்பாகக் காயவைத்து அரையுங்கள், ஈரம் இருந்தால் பாகு மாதிரி மில்லில் ஒட்டிக்கொள்ளும். பூஞ்சை பிடித்தது வேண்டவே வேண்டாம். மொத்தத் தீவனத்தில் கால் பங்குக்கு மேல் போகாதீர்கள். மாதக்கணக்கில் நெற்றே தின்ற மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் தாடை நரம்பு பாதித்து மெல்ல முடியாமல் போயிருக்கிறது, பிரேசிலில் இதை நன்றாகப் பதிவு செய்திருக்கிறார்கள்.

தாது உப்புக் கலவை கொடுப்பவர்கள் சோடியம் உப்பு சேராததாகக் கேட்டு வாங்குங்கள். கந்தகம் மிகுந்த தீவனத்தில் செம்பு உடம்பில் சேராமல் போகும். அதற்காக நீங்களாகச் செம்பு கொடுக்காதீர்கள், செம்மறிக்கு அது கூடினால் நஞ்சு.

தலைஞாயிறு_தெற்கு | பிப்ரவரி 10, காலை 7:30

ஒரு விஷயம். புஜ் நண்பர் சொன்னதைப் படித்துவிட்டு யாரும் முத்துப்பேட்டை பக்கம் போய் வெண்கண்டல் கிளை ஒடிக்க வேண்டாம். அது காப்புக்காடு. புயல் வரும்போது நமக்கு முன்னால் நிற்பதும் அதுதான்.

கடலோரக்காணி | ஜூன் 12, இரவு 8:20

நாலு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நாற்று வாங்கவில்லை.

உமரியும் உப்பருகும் தனித்தனியாக அறுத்துக் காயவைத்து, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்துக்கு அனுப்பினேன். டாக்டர் ஐயா சொன்ன மாதிரியே வந்தது. புரதத்தில் உமரி மேலே, சாம்பலில் அதைவிட மேலே. அப்புறம் ஒன்று, தை மாதத்து உமரிக்கும் சித்திரை உமரிக்கும் சாம்பலில் நல்ல வித்தியாசம். மழை முடிந்த கையோடு வருகிற இளந்துளிரில் குறைவு.

எட்டு கிடாவுக்கு மட்டும் செய்து பார்த்தேன். காலையில் வைக்கோலும் நெற்றுப் பொடியும் கொடுத்துவிட்டுத்தான் பட்டியைத் திறப்பேன். பத்து மணிக்கு மேல் உமரி பக்கம் ஒரு மணி நேரம், அதுவும் முதல் வாரம் கால் மணி, இரண்டாம் வாரம் அரை மணி என்று கூட்டினேன். மிச்ச நேரம் உப்பருகு, மாலையில் கொஞ்சம் அகத்தி. பங்குனிக் கடைசியில் குளம் வற்றியது. தொட்டியில் போர் தண்ணீர் ஊற்றிய நாலாம் நாளே உமரியைத் தொடாமல் திரும்ப ஆரம்பித்தன. நானும் நிறுத்திவிட்டேன். அதுவரை எட்டில் ஒன்றுகூட இளைக்கவில்லை. போன வருடம் இதே மாதங்களில் விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தன. பிண்ணாக்கை முழுக்க நிறுத்தவில்லை, பாதியாக்கினேன்.

ஒரு தவறும் செய்தேன். நெற்று சரியாகக் காயாமல் மில்லுக்குக் கொண்டுபோய் ஒட்டிக்கொண்டது, மில்காரர் இன்னும் கோபமாக இருக்கிறார். இப்போது மாடியில் தார்ப்பாய் விரித்து நாலு நாள் காயவைக்கிறேன், ஒடித்தால் சத்தம் வர வேண்டும்.

புரட்டாசிக்குள் மேட்டுப் பக்கத்து அரை ஏக்கரில் வரப்பு உயர்த்தி, ஐப்பசி மழையில் உப்பு இறங்கினதும் கர்னால் புல் நட இருக்கிறேன். தலைஞாயிறு பக்கமோ திருத்துறைப்பூண்டி பக்கமோ யாரிடமாவது வேர்த்தூர் இருக்கிறதா? பணம் கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன். வண்டி எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.

தலைஞாயிறு_தெற்கு | ஜூன் 12, இரவு 9:05

எனக்குத் தெரிந்த ஒருவர் வாய்க்கால் கரையில் வைத்திருக்கிறார் அம்மா. ஆடிப்பெருக்கு முடிந்து வாருங்கள், இப்போது பிடுங்கினால் வெயிலில் வாடிவிடும். பணமெல்லாம் வேண்டாம் என்பார். ஈரச் சாக்கு நாலு கொண்டு வாருங்கள்.